ஒழுங்கைத் தேத்தண்ணிக்கடைக்கு நான் கொடுக்கும் இடம்: மூன்று

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். "எழுதினா சனம் வரும் ரீச்சர். சனம் வந்தா இருந்து கதைக்கேலாது." ஒரு வியாபாரி இப்படிச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆகவே அடையாளம் மட்டும் சொல்கிறேன். யாழ். கோட்டைப் பக்கமிருந்து ஆஸ்பத்திரி வீதிக்கு வருகிற வழியில் ஒரு ஒழுங்கை, நீலத் தகரக் கதவு, கதவுக்கு மேலே வெயிலில் வெளிறி கடைசி மூன்று எழுத்து மட்டும் மிஞ்சிய பெயர்ப்பலகை. காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குத் தேத்தண்ணி தருகிற கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், என் தீர்ப்பு இதில்தான் வந்து முட்டப்போகிறது.

நான் ரியூசன் கணக்கு ரீச்சர், வயது ஐம்பத்தாறு. தேத்தண்ணிக்கடையில் குந்தியிருந்து கதைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் கடைக்குப் போனால் பார்சல் கட்டிக்கொண்டு வருவதோடு சரி. என்னை அங்கே கொண்டுபோய் இருத்தியவன் என் மருமகன், தம்பியின் மகன். 2024 மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வந்தான் (எங்கள் பக்கத்தில் டிசம்பரை மார்கழி என்றும் ஜனவரியைத் தை என்றும்தான் சொல்வோம்). தை பிறந்ததும் வீட்டில் ஒரு கல்யாணம், அதற்காக ஆறு கிழமை நின்றான். படித்தது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம், இப்போது வேலையும் அதே கொலம்பஸ் நகரத்தில்தான். கல்யாணத்துக்குக் குறித்த நாட்களும் அங்கத்தைய கல்லூரி ஃபுட்போல் இறுதிச் சுற்றுகளும் ஒன்றோடொன்று மோதிவிட்டன என்பது அவனுடைய பெரிய கவலை. மாப்பிள்ளை வீட்டாரோடு கதைத்து நாளை மாற்றேலாதா என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

ஃபுட்போல் என்றால் நாங்கள் சொல்கிற உதைபந்தாட்டம் இல்லை. காலுக்கு வேலை குறைவு, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் கூட. அங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் காலை ஆறு மணிக்கு. வீட்டில் பார்த்தால் அவன் போடுகிற சத்தத்தில் சாமியறையில் இருக்கிற என் அம்மா திடுக்கிட்டுப் போகிறா. அதனால் கடை. போன் அவனுடையது, டேட்டா என்னுடையது. போன் விழாமல் முட்டுக் கொடுத்தது முதலாளியின் சீனிப் போத்தல்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், அதற்காக வாசிப்பவர்கள் இருப்பீர்கள். பிளேன்ரீ 50 ரூபா, பால் தேத்தண்ணி 120, உழுந்து வடை 70. சாயம் நல்ல சாயம். துணி வடியில் வடித்து, கையை மேலே தூக்கி ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, நுரையோடு வைக்கிறார். ஆனால் சொல்லாவிட்டால் மூன்று கரண்டி சீனி. "சீனி குறைவா" என்றால் இரண்டரை. சீனியே வேண்டாம் என்றால் உங்களுக்கு என்ன வருத்தம் என்று விசாரிப்பார். விசாரித்த பிறகும் அரைக் கரண்டி போடுவார். உழுந்து வடை காலையில் ஓர் அற்புதம்: வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, ஒவ்வொரு கடியிலும் ஒரு மிளகு. கடலை வடை பரவாயில்லை. வாய்ப்பன் காலை எட்டு மணிக்குப் பிறகு கல். முட்டை றோல் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வரும், வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை.

பழைய முறைதான். ஒரு தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி மேசையில் வைத்துவிடுவார், சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும். சுகாதாரம் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கும் முதல்நாள் கை கூசியது. வடைக்குக் கீழே விரிப்பது ஆரோ ஒரு பிள்ளையின் பழைய கொப்பித் தாள். எனக்கு வந்த தாளில் ஒரு இருபடிச் சமன்பாடு. எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. காரணி இரண்டும் சரி, கடைசி வரியில் குறியை மாற்றாமல் விட்டிருந்தது பிள்ளை. கைப்பையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் வடையைத் தொட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கென்று எழுத்துள்ள தாளாகத் தேடி வைப்பார்.

மார்கழி 21, சனிக்கிழமை காலை ஆறரைக்கு முதல் ஆட்டம். நோட்டர் டேம், இந்தியானா. மழை. கடையில் எங்களைத் தவிர நாலு பேர். அதில் ஒருவர் சென்ரல் பழைய மாணவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற மாஸ்டர், சென் ஜோன்ஸ். இந்த இரண்டு பள்ளிக்கூடமும் 1904இல் இருந்து மோதிக்கொண்டு வருகிற வடக்கின் மாபெரும் போர் பற்றி இங்கே ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில் நடக்கிற அந்த மூன்று நாள் கிரிக்கெட்டுக்கு மார்கழியிலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிற ஆட்கள் இவர்கள். போனுக்குள் தலைக்கவசம் போட்டவர்கள் முட்டிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சென்ரல் அண்ணை கேட்டார்.

"தம்பி, உதில ஆர் பெரிய ரீம்?"

மருமகன் விளக்கினான். இந்தியானா பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று வென்று வந்திருக்கிறது, தோற்றது ஒஹாயோ ஸ்டேட்டிடம் மட்டும். ஆனாலும் பாதிப் பேர் அதை மதிப்பதில்லை.

"ஏன் மதிக்கேல்லை? பதினொண்டு வெண்டவன் எல்லே?"

"ஆரை வெண்டது எண்டு கேக்கினம்."

இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "உங்கட ஆக்கள் அந்த வருசம் ஆரை வெண்டவங்கள், சொல்லு பாப்பம்" என்று மாஸ்டர் உடனே சென்ரல் அண்ணையின் பக்கம் திரும்பிவிட்டார். போனில் நடந்ததை அடுத்த கால் மணித்தியாலம் ஒருவரும் பார்க்கவில்லை. இந்தியானா 27க்கு 17 என்று தோற்றது.

இந்தக் கடையை நான் ஏன் விரும்பத் தொடங்கினேன் என்றால் இதற்காகத்தான். முதலாளி ஒருவரையும் எழும்பச் சொல்வதில்லை. ஒரு பிளேன்ரீயோடு இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். கதை சூடாகிற நேரம் பார்த்து, கேட்காமலேயே அடுத்த ரவுண்ட் தேத்தண்ணி வரும் (அதற்குக் காசு உண்டு, ஏமாறாதீர்கள்). வாதத்தில் அவர் ஒரு பக்கமும் சாய்வதில்லை. தட்டை மட்டும் மாற்றி மாற்றி வைப்பார்.

கொன்பரன்ஸ் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த ஒரு முழுக் காலை போனது. நான் நம்முடைய கல்வி வலயங்களை வைத்துச் சொன்னேன். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று இருக்கிறதைப் போல அங்கேயும் கல்லூரிகள் பிரிந்து, பெரும்பாலும் தங்கள் வலயத்துக்குள்ளேயே விளையாடுகின்றன. சரி, அதுவரைக்கும் எல்லாருக்கும் விளங்கியது. அப்புறம் மருமகன் விபரம் சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. பிக் டென் என்று ஒன்று, பெயரில் பத்து, உள்ளே பதினெட்டுக் கல்லூரி. பிக் டுவெல்வ், பெயரில் பன்னிரண்டு, உள்ளே பதினாறு. பசிபிக் கரையின் பக் டுவெல்வில் 2024இல் மிஞ்சியது இரண்டே இரண்டு. கலிபோர்னியாவில் இருக்கிற ஸ்டான்ஃபோர்ட் போய்ச் சேர்ந்தது அத்திலாந்திக் கரைக் கொன்பரன்சில். தொலைக்காட்சிக் காசுதான் காரணம் என்றான். காசு என்னவும் செய்யட்டும், பத்து என்று எழுதிவிட்டுப் பதினெட்டு வைத்திருப்பதைக் கணக்கு ரீச்சரால் எப்படிப் பொறுக்க முடியும்?

முதல்தரப் பிரிவில் 2024இல் 134 அணிகள். ஒவ்வொன்றும் ஒழுங்கான பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடும். அதாவது ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு பேப்பர் எழுதுகிறது, திருத்துகிற ஆளும் வேறு, கடைசியில் எல்லாரையும் ஒரே பட்டியலில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று அடுக்க வேண்டும். அந்த வேலையை 1936 தொடக்கம் பத்திரிகையாளர்கள் வாக்குப் போட்டுச் செய்கிறார்கள், ஏ.பி. தரவரிசை என்று பெயர். அவர்கள் ஒருபக்கம் இருக்க, இறுதிச் சுற்றுக்கு ஆரை எடுப்பது என்பதை 2014 தொடக்கம் பதின்மூன்று பேர் கொண்ட குழு தீர்மானிக்கிறது. இடையில், இறுதியாட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தெரிய 1998இல் வந்த பி.சி.எஸ் முறையின் ஆரம்ப வருடங்களில் எதிரணிகளின் பலத்துக்கு ஒரு கணக்கு இருந்ததாம். நீ சந்தித்த அணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த அணிகள் சந்தித்த அணிகளின் விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. வடைத் தாளின் மறுபக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அழகான கணக்கு. ஆனால் எதிரணியின் எதிரணி என்று போகப் போக, அவர்களில் பாதிப் பேர் அதே வலயத்துக்குள்ளேயே சுற்றி வந்துவிடுகிறார்கள். ஒருவனை ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் உயரம் என்கிறார்கள்.

இதைத்தான் என் அக்காவின் மகனுக்குச் சொன்னேன். அவன் அட்லாண்டாவில், ஜோர்ஜியா பல்கலைக்கழக ஆள், எஸ்.இ.சி என்கிற தென்கிழக்குக் கொன்பரன்ஸ் என்றால் உயிர். நத்தாருக்குப் பிறகு ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் வந்தான், மருமகன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், கடை முழுக்கக் கேட்டது.

"மச்சான், எங்கட எஸ்.இ.சிக்குள்ள மூண்டு தோல்வி, உங்கட ஒரு தோல்விக்குச் சமன். அலபாமா மூண்டு தோத்ததெண்டு வெளியில விட்டிட்டாங்கள். ஆரோடை தோத்தது எண்டு பாக்கேல்லை."

"வழமையா அடி வாங்கிற வண்டர்பில்ட்டோடை தோத்தது மச்சான்."

"வண்டர்பில்ட்டும் எஸ்.இ.சிதானே!"

அங்கேதான் நான் புகுந்தேன். "தம்பி, எஸ்.இ.சி பலம் எண்டு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டேன். "அதுக்குள்ள எல்லாம் பலமான ரீம் சின்னம்மா." "அவை பலம் எண்டு என்னெண்டு தெரியும்?" "எஸ்.இ.சிக்குள்ள விளையாடி வெல்லினம்." நிறுவ வேண்டியதையே எடுகோளாக எடுத்து ஓ.எல் பேப்பரில் எழுதினால் பூச்சியம் என்று சொன்னேன். மாஸ்டர் மேசையில் தட்டிச் சிரித்தார். ஆனால் அவனிடமும் சரக்கு இருந்தது. 2006 தொடக்கம் 2012 வரை ஏழு வருடம் தொடர்ந்து சம்பியன் அந்தக் கொன்பரன்சிலிருந்துதான். நாலு வெவ்வேறு கல்லூரிகள். "அதுவும் எடுகோளோ சின்னம்மா?" பதிலுக்கு எனக்கு ஒரு வடை தேவைப்பட்டது.

இனி வருவது கடையைப் பற்றியதல்ல என்று நினைப்பீர்கள். கடையைப் பற்றியதுதான்.

2024இல் இறுதிச் சுற்றுக்கு எடுப்பவர்களை நாலிலிருந்து பன்னிரண்டாகக் கூட்டினார்கள். அதில் ஐந்து இடம் கொன்பரன்ஸ் சம்பியன்களுக்கு, குழுவின் பட்டியலில் மேலே நிற்கிற ஐந்து சம்பியன்கள். மிச்சம் ஏழு இடம், ஆர் எந்த வலயம் என்று பார்க்காமல், வரிசைப்படி. மருமகன் இதைச் சொல்லி முடிக்க முதலே சென்ரல் அண்ணை, "அட, மாவட்ட ஒதுக்கீடு" என்றார்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. வெட்டுப்புள்ளியும் இசட் புள்ளியும் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. பன்னிரண்டாம் இடத்து அரிசோனா ஸ்டேட்டும் ஒன்பதாம் இடத்து பொய்சி ஸ்டேட்டும் சம்பியன்கள் என்பதால் முதல் நாலு ஆசனத்துக்குள் (ஆட்ட அட்டவணையில் நிறுத்துகிற வரிசைக்கு ஆசனம் என்று பெயர்) வந்து, முதல் சுற்று ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போய்விட்டன. ஆறாம் இடத்து ஒஹாயோ ஸ்டேட் எட்டாம் ஆசனத்தில். "அப்ப பொய்சி எண்டது முல்லைத்தீவு" என்றார் சென்ரல் அண்ணை, பகிடியாக.

பக்கத்து மேசையில் ஒரு பொடியன் இருந்தான். இரவு டியூட்டி முடிந்து வருகிற நேர்ஸ், தினமும் பால் தேத்தண்ணியும் இரண்டு கடலை வடையும். அதுவரைக்கும் ஒரு சொல் பேசியதில்லை. "நான் முல்லைத்தீவுதான் அண்ணை" என்றான். "எங்களுக்கு ரெண்டாம் தவணை முடியும் வரைக்கும் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இல்லை. இஞ்ச சந்திக்குச் சந்தி ரியூசன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி இருப்பதில் ஒன்று என்னுடையது.

அந்த நேரம் மாஸ்டர் வேறொன்று கேட்டார். "தம்பி, எல்லாம் வெண்டும் இடம் கிடைக்காமப் போன ஆக்கள் இருக்கினமோ?"

இருக்கிறார்கள். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட். பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி, அத்திலாந்திக் கரைக் கொன்பரன்ஸ் சம்பியன். அப்போது நாலு இடம்தான். அவர்களுடைய முதன்மை எறிகாரன் ஜோர்டன் டிராவிஸ் காலை முறித்துக்கொண்டான். அவனில்லாமல் இந்த அணி பழைய அணி இல்லை என்று குழு தீர்மானித்து, ஒரு தோல்வியுள்ள அலபாமாவை உள்ளே எடுத்தது. மருமகன் நியாயமாகவே சொன்னான், அலபாமா அந்தக் கிழமைதான் ஜோர்ஜியாவை 27க்கு 24 என்று வென்றிருந்தது. பிறகு நடந்த ஒரேஞ் போல் என்கிற ஆட்டத்தில் அதே ஜோர்ஜியா ஃபுளோரிடா ஸ்டேட்டை 63க்கு 3 என்று அடித்தது. பார்த்தியா, குழு சொன்னது சரிதானே என்று ஒரு பகுதி. இடம் கிடைக்காத வெறுப்பில் பாதிப் பேர் ஆடவே வரவில்லை, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று மற்றப் பகுதி.

மாஸ்டர் தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது. எழுபதுகளின் ஆரம்பத்தில் ஏ.எல் எழுதியவர் அவர். பொறியியலுக்குப் போயிருக்க வேண்டிய ஆள். சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு ஒரு புள்ளி, தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு அதைவிடக் கூடின புள்ளி என்று தரப்படுத்தல் வந்த காலம். "பதின்மூண்டும் வெண்டவன்" என்று மட்டும் சொன்னார். பிறகு நேர்ஸ் பொடியனின் பக்கம் திரும்பி, "ஆனா தம்பி, உனக்குக் குடுத்தது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். உன்ர பேப்பர் வேற" என்றார். முதலாளி வந்து, கேட்காமல், மூன்று பேருக்கும் தேத்தண்ணி வைத்தார். அந்த ரவுண்டுக்கு மட்டும் காசு வாங்கவில்லை. பில்லைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

சரி, ஆட்டங்களுக்கு வருகிறேன். ஒஹாயோ ஸ்டேட் டெனசியை 42க்கு 17 என்று வென்றது. அது ஞாயிறு காலை, வெற்றி சுலபமாக இருந்ததால் வாதம் சுகமில்லை. புதுவருடம் விடிந்த காலை ஆறு மணிக்கு பொய்சி ஸ்டேட், பென் ஸ்டேட்டோடு. நேர்ஸ் பொடியன் டியூட்டி இல்லாத நாளிலும் வந்திருந்தான். பொய்சி அந்தப் பருவத்தில் அதுவரை தோற்றது ஒரே ஒரு ஆட்டம், முதலாம் இடத்து ஒறிகனிடம், மூன்றே புள்ளியால். இந்த ஆட்டத்தில் 31க்கு 14 என்று தோற்றுப்போனது. பொடியன் ஒன்றும் சொல்லாமல் ஒரு கடலை வடையைக் கூடுதலாக எடுத்தான். மறுநாள் ஒஹாயோ ஸ்டேட், ஒறிகன் ஆட்டம் இங்கே விடிய மூன்றரைக்கு. கடை பூட்டு. மருமகன் வீட்டில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தானாம், 34க்கு பூச்சியம் என்று ஒஹாயோ முன்னுக்குப் போனபோது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாயும் எழும்பி, அம்மாவும் எழும்பி, சாமிக்கு விளக்கு ஏற்றியாயிற்று. அந்த ஆட்டத்தோடு சேர்த்து, முதல் சுற்று ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போன நாலு பேரும் தோற்றுப்போனார்கள். "முதலாம் பிள்ளையா வந்தவனுக்குக் காலிறுதியிலேயே ஒஹாயோவைக் குடுத்தா, முதலாம் பிள்ளையா வந்து என்ன பிரயோசனம்?" என்று சென்ரல் அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த பருவத்துக்கு ஆசனங்களை வரிசைப்படியே கொடுப்பதென்று அங்கேயும் மாற்றினார்கள்.

தை 11, டெக்சாஸோடு அரையிறுதி. திருவெம்பாவை நாட்கள். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, வீதியில் சங்கு, போனுக்குள் டெக்சாஸ்காரர்களின் ஊளை. ஒரு நிமிடம் எது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கடைசி நிமிடங்களில் ஜக் சோயர் என்கிற ஒஹாயோ ஆட்டக்காரன் பந்தைத் தட்டிப் பறித்து, 83 யார் ஓடிக் கொண்டுபோய் வைத்தான். அவன் ஓடுகிற அவ்வளவு நேரமும் முதலாளியின் கையில் ஆற்றுகிற பேணி அந்தரத்தில் நின்றது. நான் பார்த்தேன், ஒரு சொட்டுக் கீழே விழவில்லை.

இறுதியாட்டம் தை 21, செவ்வாய், காலை ஆறு. 31க்கு 7 என்று முன்னுக்கு நின்ற ஒஹாயோ, நோட்டர் டேம் 23 வரைக்கும் துரத்தி வந்த பிறகுதான் 34க்கு 23 என்று முடித்தது. மருமகன் அழுதான். அழுதுவிட்டு, முதல்வார்த்தையாகச் சொன்னது, "ஆனா மாமி, மிச்சிகனோடை தோத்திட்டம்" என்று. கார்த்திகை முடிவில், சொந்த மைதானத்தில், தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகனிடம் 13க்கு 10 என்று தோற்றிருந்தார்கள். நாட்டுக்கே சம்பியன், பக்கத்து வீட்டுக்காரனிடம் தோல்வி. அந்தப் போட்டி 1897இல் தொடங்கியதாம். "ஏழு வருசம் எங்களை முந்தீட்டாங்கள்" என்று மாஸ்டருக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஆனால் மருமகன் சொன்னது சென்ரல் அண்ணைக்கும் மாஸ்டருக்கும் விளக்கமில்லாமலே விளங்கியது. மாகாணத்தில் கிண்ணம் தூக்கினாலும் மார்ச்சில் தோற்றால் அந்த வருடம் தோல்விதான்.

இனிக் கடையின் குறைகள். கழிப்பறை இல்லை. மூன்றாவது மேசை ஆடும், மடித்த மட்டையை வைத்தாலும் ஆடும். மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்கும், சாரியோடு போனால் தூக்கிப் பிடிக்க வேண்டும். பெண்கள் இருக்கலாமா என்றால், இருக்கலாம். முதலாளியின் மகள் என்னிடம் படித்தவள் என்பதால் எனக்கு மரியாதை கூட, அந்தச் சலுகையைக் கழித்துத்தான் சொல்கிறேன். பில் கணக்கு மகா மோசம். தட்டைப் பார்த்து மனதால் கூட்டுகிறார், இரண்டு தரம் எங்களிடம் உண்ணாத வடைக்குக் காசு வாங்கினார், ஒருதரம் உண்ட வடையை விட்டுவிட்டார். நீங்களே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

வடையைப் பற்றி இன்னொன்று. தட்டில் எது முதலில் முடிகிறதோ அதற்கு முதலிடம் என்று மருமகன் ஒரு தரவரிசை வைத்திருந்தான். ஒவ்வொரு நாளும் உழுந்து வடைதான் முதலாவது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு அதனோடு மோத ஆர் இருக்கிறார்கள்? வெறும் வாய்ப்பன். முட்டை றோல் மூன்று மணிக்குத்தான் மைதானத்துக்கு வருகிறது, அந்த நேரம் வடை எண்ணெய் குடித்துத் தொய்ந்துவிடும். இரண்டும் சூடாக ஒரே தட்டில் மோதியதே இல்லை. இந்தியானாவுக்கு என்ன கேள்வியோ, அதே கேள்விதான் இந்த வடைக்கும்.

கல்யாணம் முடிந்து, மருமகனும் போன பிறகு, ஒரு காலை தனியாகப் போனேன். என் பட்டியலில் இந்தக் கடைக்கு மூன்றாம் இடம் என்று முதலாளியிடம் நேரே சொன்னேன். முன்னுக்கு இருக்கிற இரண்டும் எது என்று கேட்டார், சொன்னேன். ஒன்று நல்லூர்ப் பக்கம், மற்றது திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட. வடை அங்கே நாள் முழுக்கச் சூடு, பில்லும் சரி.

அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அவை எத்தினை மணிக்குத் திறக்கினம் ரீச்சர்?"

"எட்டு."

"அப்ப அவை ஆறு மணிக்கு ஒருநாளும் விளையாடேல்லை."

யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். பிளேன்ரீ ஒன்று, வடை இரண்டு, 190 ரூபா. அவர் 260 என்றார்.